ஃபாஸ்டிங் சுகர் 6.3 வந்திருக்கு, வெளிச்சாப்பாட்டுலயே ஓடுற ஆளு எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

ஈசூன்காரன் எழுதுனது:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 41, சிங்கப்பூர்ல வீடு ஈசூன், வேலை துவாஸ். ஹெல்தியர் எஸ்ஜின்னு அரசாங்கம் நடத்துற சுகாதாரத் திட்டத்துல பேரு பதிஞ்சதுக்கு அப்புறம் ஸ்கிரீனிங் போங்கன்னு எஸ்எம்எஸ் மேல எஸ்எம்எஸ் வந்துச்சு, சரி போய்த்தான் பார்ப்போமேன்னு போனேன். வெறும் வயித்து ரத்தத்துல சுகர் 6.3னு வந்திருக்கு. இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இன்னும் இல்ல, ஆனா வாசப்படில நிக்கிறீங்கன்னு டாக்டர் சொன்னாங்க. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுங்கிற கணக்கு) 26, இடுப்பு சுத்தளவு 96 சென்டி. எங்கப்பாவுக்கு இருந்துச்சு, பெரியப்பாவுக்கு இருக்கு, அத்தைக்கு இருக்கு, எங்க வீட்டுல இனிப்பு நீர் இல்லாதவங்களைத்தான் விரல் விட்டு எண்ணணும். அடுத்த மாசம் அந்த குளுக்கோஸ் தண்ணி குடிக்க வச்சு ரெண்டு மணி நேரம் உக்கார வைக்கிற டெஸ்ட்டுக்கு டேட் குடுத்திருக்காங்க.

ஒரு வாரம் என்ன சாப்பிடுறீங்கன்னு எழுதிட்டு வாங்கன்னு ஒரு தாளும் குடுத்தாங்க. எழுதுற பொறுமையெல்லாம் எனக்குக் கிடையாது. ஆனா நான் கையில காசே வச்சுக்கிறதில்ல, எந்தக் கடைக்குப் போனாலும் க்யூஆர் ஸ்கேன்தான், அதனால பேங்க் ஆப்பைத் தொறந்து பின்னாடி தள்ளிக்கிட்டே போனா நான் என்னத்தத் தின்னேன்னு அதுவே நாள் நேரத்தோட எழுதி வச்சிருக்கு! உக்காந்து பார்க்கப் பார்க்க சிரிப்பும் வருது பயமும் வருது.

காலைல ஆறு மணிக்கு முன்னாடியே இன்டர்சேஞ்ச்ல ஒரு டீ. துவாஸ் போய் இறங்கினதும் கேன்டீன்ல பசியாற, அது பாதி நாள் பரோட்டா ரெண்டு, பாதி நாள் பீஹூன் (அரிசி சேமியா), கூட இன்னொரு டீ. மத்தியானம் கலவை சோறுக் கடைல ரெண்டு கறி ஒரு காய், அது பரவால்லன்னுதான் நினைக்கிறேன். மூணு மணிக்கு மறுபடி ஒரு டீ, கூட கறிபப்போ வடையோ. ராத்திரி வீட்டுச் சாப்பாடு முடிச்சிட்டு பத்து மணிக்கு மேல கீழ கடைக்கு நண்பர்களோட போய் ஒரு தே தாரிக், அதான் நுரை வர ஆத்தின பால் டீ. வெள்ளி சனின்னா அதோட ஒரு மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) வேற, நாலு பேரு பகிர்ந்துக்கிறதுதான், ஆனா நாலு பேரும் ஆளுக்கு ஒண்ணு வாங்கிப் பகிர்ந்துக்கிறோம். மூணு மாசம் பின்னாடி போய்ப் பார்த்தேன், பழக்கடைக்கு ஒரு தடவை கூட காசு போகல.

வீட்டுல அம்மா சமையல். எனக்காக சாப்பிடாம காத்திருப்பாங்க. நான் வந்து குளிச்சு உக்கார ஒன்பது ஒன்பதரை ஆயிடும், சோறு மலை மாதிரி வைப்பாங்க, குறைக்கச் சொன்னா மூஞ்சி சுருங்கிடும். மனைவிக்கு ஷிஃப்ட் வேலை, அவங்க சாப்பாட்டு நேரம் தனி ராஜ்ஜியம்.

நான் கேக்கறது என்னன்னா, ஜிம்முக்குப் போ, சாலட் சாப்பிடு, அந்த மாதிரி இல்லாம, வெளில வாங்கித் தின்னுக்கிட்டே, ரெண்டு மணி நேரம் ரயில்ல போயிட்டு வந்துக்கிட்டே, இதை மாத்தின ஆளு யாராவது இங்க இருக்கீங்களா? எதுல முதல்ல கை வச்சீங்க? சோத்துலயா டீயிலயா? அம்மாவை எப்படி சமாளிச்சீங்க? கடைசிக் கேள்விக்கு பதில் சொல்றவருக்கு டீ நான் வாங்கித் தரேன், ஆனா இனிமே எந்த டீன்னுதான் தெரியல.


சோறில்லா_சாமி எழுதுனது:

அண்ணே சிம்பிள். சோத்தை விடுங்க. பரோட்டாவை விடுங்க. நான் ரெண்டையும் விட்டுட்டேன், முட்டை, கோழி, மீன், காய், தௌகுவா (கெட்டி டோஃபு) இவ்வளவுதான். ஃபேர்பிரைஸ் சூப்பர்மார்க்கெட்ல உறைய வச்ச காலிஃபிளவர் சோறு கிடைக்குது, அதுல ரசம் ஊத்தி சாப்பிட்டா ரெண்டு நாள் அழுகை வரும், அப்புறம் பழகிடும். எடை சரசரன்னு இறங்குச்சு, பேன்ட்டெல்லாம் மாத்த வேண்டியதாப் போச்சு.

நம்ம ஆளுங்களுக்கு சோறுன்னா ஒரு சென்டிமென்ட், அதான் பிரச்சினையே. காலைல இட்லி மத்தியானம் சோறு சாயந்திரம் வடை ராத்திரி தோசை, எல்லாம் மாவு மாவு மாவு. கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறேன்னு சொல்றவன் குறைக்கவே மாட்டான். ஒரே வெட்டு, அதுதான் வழி. பரோட்டாவைப் பத்தி சொல்லவே வேணாம், மைதாவும் நெய்யும் சேர்ந்து அடிச்ச மாவு, ஒண்ணு கிட்டத்தட்ட 200 கலோரி, முட்டை போட்டா இன்னும் கூட.


வார்டு_அக்கா எழுதுனது:

தம்பி ஈசூன்காரரே, நான் நர்ஸா ரொம்ப வருஷம் இருந்தவ, இப்ப பகுதி நேரம். டயட்டீஷியன் இல்ல, அதனால உங்க டாக்டர் சொல்றதுக்கு மேல என் பேச்சை எடுத்துக்காதீங்க. ஆனா உங்களை மாதிரி ஆளுங்களை நிறைய பார்த்திருக்கேன்.

முதல்ல நம்பரைப் பத்தி. இங்க வெறும் வயித்துல 6.1லேருந்து 6.9 வரைக்கும் முன்கட்டம், 7.0ன்னா நீரிழிவு. இதெல்லாம் மில்லிமோல் கணக்கு, ஊர்ல, இந்தியாவுல, மில்லிகிராம்ல சொல்லுவாங்க, 18ஆல பெருக்கினா வரும், உங்களுது 113. குளுக்கோஸ் தண்ணி டெஸ்ட்ல ரெண்டு மணி நேரம் கழிச்சு 7.8க்குக் கீழ வந்தா நல்லது, 11.1 தொட்டா நீரிழிவு. பிஎம்ஐ 26தானே, கொஞ்சம் தொப்பைதானேன்னு விட்டுடாதீங்க. நம்ம ஆசியக்காரங்களுக்கு இங்க 23லயே ஆபத்து ஆரம்பிக்கிறதா கணக்கு, 27.5க்கு மேல அதிக ஆபத்து. இடுப்பு ஆம்பளைங்களுக்கு 90 சென்டிக்குள்ள இருக்கணும், பொம்பளைங்களுக்கு 80. நம்ம உடம்பு வாகுக்கு எடை கொஞ்சம் கூடினாலே வயித்துல போய் உக்காந்துக்கும், அங்க உக்கார்ற கொழுப்புதான் இன்சுலினோட மல்லுக்கு நிக்கிறது.

நல்ல சேதி என்னன்னா இந்தக் கட்டத்துலேருந்து திரும்பலாம். சென்னைல டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவரோட குழுவும் உங்களை மாதிரி முன்கட்டத்துல இருந்த 500க்கும் மேற்பட்டவங்களை கிட்டத்தட்ட மூணு வருஷம் தொடர்ந்து பார்த்து 2006ல முடிவை வெளியிட்டாங்க. சாப்பாடு, நடை இது ரெண்டையும் மாத்தினவங்களுக்கு நீரிழிவு வர்றது 28 சதவீதம் மாதிரி குறைஞ்சுது. மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைஞ்சுது. நம்ம ஆளுங்க, நம்ம சாப்பாடு, அதனால இது ஏதோ வெள்ளைக்காரங்களுக்குத்தான் பலிக்கும்னு சொல்ல முடியாது. அமெரிக்காவுல 2002ல வந்த பெரிய ஆய்வுல எடையில 7 சதவீதம் இறக்கணும், வாரம் 150 நிமிஷம் நடக்கணும்னு இலக்கு வச்சாங்க, அங்க 58 சதவீதம் குறைஞ்சுது. உங்க எடை 75 கிலோன்னு வச்சா 7 சதவீதம்னா அஞ்சு கிலோ சொச்சம், அவ்வளவுதான்.

இப்ப உங்க பட்டியலுக்கு வரேன். மத்தியானச் சோறை விட்டுட்டு அந்த டீயைப் பாருங்க தம்பி. ஒரு கப்புல மூணு டீஸ்பூன் சீனின்னு வச்சாலே நாலு கப்புக்கு பன்னிரண்டு, ஒரு டீஸ்பூன் 5 கிராம், ஆக 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு சேர்த்துக்கிற சீனி 50 கிராமுக்குள்ள இருக்கணும், 25க்குள்ள இருந்தா இன்னும் நல்லதுன்னு சொல்லுது. நீங்க பசியாறி முடிக்கிறதுக்குள்ளயே அந்த 25ஐத் தாண்டிடுறீங்க. சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி இதுல வைங்க, யாரும் மூஞ்சி சுருக்க மாட்டாங்க.

சோறு சாப்பிடலாம். சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்ற தட்டுதான்: பாதித் தட்டு காயும் பழமும், கால் தட்டு மீன் கோழி பருப்பு, கால் தட்டு சோறு, அதுவும் முடிஞ்சா தவிடு நீக்காத தானியம். கலவை சோறுக் கடைல இதைச் செய்யறது உண்மையிலேயே சுலபம், சோறு பாதி போதும், காய் ரெண்டு வகை, கறி ஒண்ணு, மேல குழம்பு ஊத்தாதீங்கன்னு சொல்லணும். அந்தக் குழம்புலதான் உப்பும் எண்ணெயும். 2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வுல சிங்கப்பூர்க்காரங்க சராசரியா ஒரு நாளைக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் எடுத்துக்கிறதா வந்துச்சு, அளவு 2,000தான். சுகருக்கு பயந்து உப்பை மறந்துட்டு அப்புறம் பிரஷர் மாத்திரையோட வர்றவங்களையும் பார்த்திருக்கேன்.

இன்னொண்ணு, காசு செலவில்லாதது. தட்டுல இருக்கிற காயையும் மீனையும் முதல்ல சாப்பிட்டுட்டு சோறைக் கடைசியா சாப்பிடுங்க. அதே சாப்பாடுதான், வரிசை மட்டும் மாறுது, அதுக்கே சாப்பாட்டுக்கு அப்புறம் சுகர் ஏர்ற வேகம் குறையுதுன்னு ஆய்வுகள் இருக்கு. நம்ம பழக்கத்துக்கு இது கஷ்டம்தான், பிசைஞ்சு சாப்பிடற கை சும்மா இருக்காது.

சோறில்லா சாமிக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குப் பலன் குடுத்தது சந்தோஷம். ஆனா ஏற்கெனவே சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க உங்க பேச்சைக் கேட்டு ஒரே நாள்ல சோறை நிறுத்தினா சுகர் ரொம்பக் கீழ போய் மயங்கி விழலாம். அவங்க டாக்டர்கிட்ட கேட்காம இதுல இறங்கவே கூடாது.


ஈசூன்காரன் எழுதுனது:

அக்கா ரொம்ப நன்றி. 60 கிராம்னு பார்த்ததும் கையில இருந்த டீயைக் கீழ வச்சேன். (அப்புறம் குடிச்சிட்டேன், காசு குடுத்து வாங்கினது.) வரிசை மாத்தி சாப்பிடறது நான் கேள்விப்பட்டதே இல்ல, இது செய்யலாம் போல இருக்கே. சோறில்லா சாமி தம்பி, காலிஃபிளவர்ல ரசம் ஊத்தறதை எங்கம்மா பார்த்தாங்கன்னா என்னை வீட்டை விட்டே அனுப்பிடுவாங்க.


தண்ணிக்கடை_வாரிசு எழுதுனது:

எங்கப்பா முப்பது வருஷமா டீ காப்பி விக்கிற தண்ணிக்கடை, நானும் லீவு நாள்ல கலக்கி இருக்கேன், அதனால டீ விஷயம் நான் சொல்றேன்.

அண்ணே நீங்க வெறும் "டீ"ன்னு கேட்டா கடைக்காரரு கெட்டிப்பால் ஊத்துவாரு. கெட்டிப்பால்லயே கிட்டத்தட்ட பாதி சீனி, பால் வேணும்னா சீனியும் கூடவே வந்துதான் ஆகும், பிரிக்க முடியாது. அதனாலதான் "டீ, சீனி கம்மி"ன்னு கேட்டா பல கடைல பாலைக் கொஞ்சம் குறைச்சு ஊத்துவாங்க, உங்களுக்கு டீ தண்ணியா இருக்கும், பிடிக்காது, மறுநாள் பழையபடி கேப்பீங்க. இது நாங்க தினம் பார்க்கிறது.

நீங்க கேக்க வேண்டியது தே சி. அதுல ஊத்தறது சீனி இல்லாத ஆவிப்பால், சீனியைத் தனியாத்தான் போடுவோம், அதனால எவ்வளவு வேணும்னு நீங்க சொல்லலாம். முதல்ல தே சி சியூ தாய், அதாவது சீனி கம்மி. பழகினதும் தே சி கோசோங், சீனி சுத்தமா கிடையாது. எடுத்த எடுப்புல கோசோங்குக்குத் தாவினா நாக்கு முரண்டு பிடிக்கும். தே ஓ கோசோங்ல பாலும் இல்ல, அது எல்லாருக்கும் ஒத்து வராது. தாரிக் கேட்டா நுரை வரணும்னு கெட்டிப்பால் தாராளமாத்தான் போகும், ராத்திரி பத்து மணிக்கு அதைக் குடிச்சிட்டு படுக்கறீங்கன்னா, நான் கடைக்காரன் மகன், நானே சொல்றேன், வேணாம்லா.

ஆஃபீஸ் பேன்ட்ரில இருக்கிற த்ரீ இன் ஒன் பாக்கெட்டையும் பாருங்க, பின்னாடி போட்டிருக்கிற பட்டியல்ல முதல் பேரே பல சமயம் சீனிதான். டப்பா, பாட்டில்ல வர்ற பானத்துக்கு 2022 டிசம்பர் கடைசிலேருந்து நியூட்ரி கிரேட் எழுத்து (ஏ நல்லது, டி மோசம்னு தரம் காட்டறது), கடைல கலக்கித் தர்றதுக்கு 2023 டிசம்பர் கடைசிலேருந்து. 100 மில்லிக்கு 10 கிராம் சீனிக்கு மேல போனா டி, 5க்கு மேல போனா சி. பபள் டீ கடை மெனுவுல எழுத்து போட்டிருக்கும் பாருங்க, அதே டீயை சீனி அளவு குறைச்சுக் கேட்டா எழுத்தும் மாறும். அப்பாவுக்கு முதல்ல கடுப்பு, யாவாரம் போயிடும்னு. போகல. காலைல கோசோங் கேக்கறவங்க இப்ப வரிசை கட்டி நிக்கிறாங்க, அதுவும் பெருசுங்க இல்ல, சின்னப் பசங்க.


செங்காங்_ஆச்சி எழுதுனது:

அம்மாவை எப்படி சமாளிக்கிறதுன்னு கேட்டீங்களே ஐயா, நான் அந்த அம்மா கட்சி. என் மகனும் உங்களை மாதிரிதான், டாக்டர் சொன்னாரு, குறைங்கம்மா குறைங்கம்மான்னு ஒரே நச்சரிப்பு. குறைன்னு சொன்னா எங்க காதுல "உன் சமையல் வேணாம்"னுதான் விழும். அதனால குறைக்கச் சொல்லாதீங்க, வேற ஒண்ணு செஞ்சு தரச் சொல்லுங்க. "அம்மா, பாட்டி வைக்கிற மாதிரி கொள்ளு ரசம் வச்சுத் தாங்க"ன்னு கேட்டுப் பாருங்க, மறுநாளே தேக்கா சந்தைக்குப் போயிட்டு வந்துடுவாங்க. கீரைக் கூட்டு, வெண்டைக்காய் பொரியல், பாகக்காய், சுரைக்காய், பச்சைப்பயறு சுண்டல், இதெல்லாம் கேளுங்க. தட்டுல காய் கூடினா சோறு தன்னால குறையும், இடம் இருக்காதே.

எங்க வீட்டுல அரிசியை மாத்தினோம். மல்லிகை அரிசி சீக்கிரம் செரிச்சு சுகரை ஏத்தி விட்டுடும்னு மகன் சொன்னான், அதுக்கு பாஸ்மதியும் புழுங்கல் அரிசியும் மேல். பழுப்பு அரிசி எடுத்த உடனே முழுசா போட்டா யாரும் சாப்பிட மாட்டாங்க. முதல்ல கால் பங்கு கலந்தேன், யாருக்கும் தெரியல. அப்புறம் அரைப் பங்கு ஆக்கினேன், தெரிஞ்சுது, ஆனா அதுக்குள்ள பழகிடுச்சு. முன்னாடியே ஊற வச்சாத்தான் வேகும்.

சப்பாத்தி விஷயம் ஒண்ணு சொல்லணும். ராத்திரி சோறை விட்டுட்டேன், சப்பாத்திதான்னு பெருமையா சொல்லிட்டு எண்ணெய் தடவி நாலு அஞ்சு சப்பாத்தி, கூட உருளைக்கிழங்கு குருமா சாப்பிடறவங்க எங்க புளோக்லயே இருக்காங்க. அது சோறைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிட்டு அவங்க சோறை நாம வாங்கித் தின்ன கதை. கேழ்வரகுக் கூழும் அப்படித்தான், நல்லதுதான், அதுக்காக குண்டா நிறைய குடிக்கக்கூடாது. அளவுன்னு ஒண்ணு எல்லாத்துக்கும் இருக்கு.

ஒன்பதரை மணிக்குச் சாப்பாடுங்கிறதுதான் எனக்கு சரியாப் படல. பசியோட வீட்டுக்கு வந்து உக்காந்தா யாரா இருந்தாலும் மலையைத்தான் சாப்பிடுவாங்க. ஆறு ஆறரைக்கு, ரயில்ல சாப்பிட முடியாது அபராதம் போடுவான், ஏர்றதுக்கு முன்னாடி, ஏதாவது வயித்துல போட்டுக்கோங்க. அவிச்ச முட்டை, ஒரு ஆப்பிள், இல்லன்னா அவிச்ச கடலை. அந்தக் காலத்துல சினிமா தியேட்டர் வாசல்ல நம்ம ஆளுங்க தலையில தட்டு வச்சு கச்சாங் பூத்தே விப்பாங்களே, காகிதத்தைச் சுருட்டிக் குடுப்பாங்க, அந்த அவிச்ச கொண்டைக்கடலை மாதிரி ஒண்ணு இன்னிக்கு வரைக்கும் எந்த நொறுக்குத்தீனியும் கிடையாது. வறுத்ததுல சீனியும் உப்பும் போடுறதுதான் வம்பு. அதைச் சாப்பிட்டுட்டு வந்தீங்கன்னா ராத்திரி கொஞ்சமா சாப்பிடலாம். அம்மாவையும் ஏழு மணிக்கே சாப்பிடச் சொல்லுங்க ஐயா, அவங்க வயசுக்கு ஒன்பதரை வரைக்கும் காத்திருக்கிறது அவங்களுக்கும் நல்லதில்ல. நீங்க சாப்பிடும்போது பக்கத்துல மோரோட உக்காந்து பேசிக்கிட்டு இருக்கட்டும், அவங்களுக்கு வேண்டியது அதுதான்.

தீபாவளி மாசம் மட்டும் என்கிட்ட யோசனை கேக்காதீங்க. முறுக்கு மாவு பிசையற கையோட நான் எதுவும் சொல்ல முடியாது.


டார்ம்_சமையக்காரன் எழுதுனது:

எல்லாரும் எழுதறதைப் படிச்சேன். நான் புதுக்கோட்டைப் பக்கம், இங்க கட்டுமான வேலை, ஒர்க் பெர்மிட், தங்கறது டார்ம்னு சொல்ற ஊழியர் விடுதில. எங்களுக்கெல்லாம் நீங்க சொல்ற மாதிரி காய் ரெண்டு வகை கறி ஒண்ணுன்னு கைகாட்டி வாங்க முடியாது அண்ணே. கேட்டரிங் சாப்பாடு, மாசம் நூத்தி சொச்சம் வெள்ளி. காலைப் பசியாறயும் மத்தியானச் சோறும் விடியக்காலைல ஒண்ணா வந்துடும், பொட்டலத்தைத் தூக்கிட்டு லாரி ஏறினா பன்னிரண்டு மணிக்கு வெயில்ல உக்காந்து பிரிப்போம். சோறு நிறைய இருக்கும், மேல சாம்பார்னு ஒண்ணு, ஒரு துண்டு மீனு. சாயந்திரம் மறுபடி அதே. வேலை உடம்பு வேலைதானே, எவ்வளவு தின்னாலும் கரைஞ்சிடும்னு நாங்களே சொல்லிக்குவோம். எங்க ரூம்ல ஒருத்தருக்கு மெடிக்கல்ல சுகர்னு வந்துச்சு, வயசு முப்பத்திமூணுதான், ஆளு ஒல்லி. அன்னைலேருந்து ரூமே கொஞ்சம் முழிச்சுக்கிச்சு.

எங்களால முடிஞ்சதைச் சொல்றேன், யாருக்காவது உதவும். சோத்துல பாதியை எடுத்து வச்சிட்டு கூட ஏதாவது சேர்த்துக்கிறது. முட்டை ராத்திரியே அவிச்சு வச்சுக்குவோம், பன்னிரண்டு மணி வரைக்கும் தாங்கறது இல்ல, அதனால காலைலயே சாப்பிட்டுருவோம். பச்சைப்பயறை ஈரத்துணில கட்டி டார்ம் ஜன்னல்ல தொங்கவிட்டா ரெண்டாம் நாள் முளை கட்டிடும், இங்க இருக்கிற புழுக்கத்துக்கு அது ஒண்ணுதான் லாபம். வெள்ளரிக்காய், கேரட்டு நறுக்கி டப்பாவுல. வேர்க்கடலை. எங்க டார்ம்ல அடுப்பு இருக்கு, ஞாயித்துக்கிழமை நான்தான் எட்டு பேருக்கு சமைப்பேன், கீரையும் மீன் குழம்பும், எண்ணெய் நான் ஊத்தறதுதான் கணக்கு, யாரும் கேள்வி கேக்க முடியாது.

பெரிய மாத்தம் எதுலன்னா குடிக்கிறதுல. சைட்ல வெயில் தாங்காம எனர்ஜி டிரிங்க், கலர் தண்ணி, ஐஸ் மைலோ, நாளைக்கு மூணு நாலு போகும். அதை நிறுத்திட்டு ரெண்டு லிட்டர் பாட்டில்ல பச்சத் தண்ணி, ரொம்ப வேர்த்தா மோர்ல கொஞ்சம் உப்பு. ஊருக்கு அனுப்பற காசும் கொஞ்சம் கூடுச்சு, வீட்டம்மாவுக்கு காரணம் தெரியாது, சம்பளம் ஏறிடுச்சுன்னு நினைச்சுக்கிச்சு.

ஈசூன் அண்ணே, உங்களுக்கு எதை வாங்குறதுன்னு தேர்ந்தெடுக்க முடியுது பாருங்க. துவாஸ் கேன்டீன்ல நானும் சாப்பிட்டிருக்கேன், அங்க யோங் தாவ் ஃபூ கடை இருந்தா பாருங்க, காயும் டோஃபுவும் நாமளே எடுத்துப் போட்டுக்கலாம், பொரிச்சதை எடுக்காம சூப்ல கேளுங்க, சூப்பை முழுசா குடிக்காதீங்க உப்பு. நர்ஸ் அக்கா, 18ஆல பெருக்கறதை சொன்னதுக்கு ரொம்ப நன்றி. ஊர்ல டாக்டர் 110ன்னு சொன்னதையும் இங்க 6.1ன்னு சொன்னதையும் வச்சுக்கிட்டு சுகர் இறங்கிடுச்சுன்னு ரூம்ல ஒருத்தன் பிரியாணி வாங்கிக் குடுத்துட்டான்.


சோறில்லா_சாமி எழுதுனது:

டார்ம் அண்ணே சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது. நர்ஸ் அக்கா சொன்ன மாத்திரை விஷயம் சரி, அதை நான் எழுதியிருக்கணும். ஆனாலும் எனக்கு ஒரே வெட்டுதான் ஒத்து வந்துச்சு, பாதி சோறுன்னு ஆரம்பிச்சா என் கை நிக்காது, என் குணம் அப்படி. ஈசூன் அண்ணே உங்க குணம் எப்படின்னு உங்களுக்குத்தான் தெரியும்.

ஆச்சி, அந்த சப்பாத்தி உதாரணம் எங்கம்மாவுக்கு அனுப்பிட்டேன். பதில் இன்னும் வரல.


வார்டு_அக்கா எழுதுனது:

டார்ம் தம்பி, உங்க ரூம்ல இருக்கிறவருக்கு ஒல்லியா இருந்தும் வந்திருக்குன்னா அதுல ஆச்சரியம் இல்ல, வெளில ஒல்லியா தெரிஞ்சாலும் வயித்துல கொழுப்பு இருக்கலாம், குடும்பத்துல இருந்தாலும் வரும். அவர் கண்ணையும் பாதத்தையும் வருஷம் ஒரு தடவை சோதிக்கச் சொல்லுங்க. சைட் வேலைல பூட்ஸுக்குள்ள புண்ணு வந்தா தெரியாது, தினம் ராத்திரி காலைப் பார்த்துட்டுப் படுக்கணும். மோர்ல உப்பு விஷயம், வெயில்ல வேலை செய்யறவங்களுக்கு சரி, ஏசி ரூம்ல உக்கார்ற ஈசூன்காரருக்கு அது வேணாம்.

அப்புறம் உப்புக்கு பதிலா பொட்டாசியம் கலந்த உப்பு இப்ப கடைல வருது, சோடியம் குறைக்க நல்லதுதான். ஆனா கிட்னி பிரச்சினை இருக்கிறவங்களும் சில பிரஷர் மாத்திரை எடுக்கிறவங்களும் டாக்டரைக் கேக்காம வாங்கக்கூடாது. வீட்டுல பெரியவங்க இருந்தா கவனிங்க.


ஈசூன்காரன் எழுதுனது:

இவ்வளவு பதில் வரும்னு நினைக்கல, எல்லாருக்கும் நன்றி. டார்ம் தம்பி எழுதினதைப் படிச்சதுக்கு அப்புறம் மலைச் சோறு வைக்கிறாங்கன்னு புலம்பினது எனக்கே கொஞ்சம் கூச்சமா போச்சு.

இப்ப என்ன செய்யப் போறேன்னா, டீ முதல்ல. தே சி சியூ தாய் கேட்டுப் பார்த்தேன், குடிக்கிற மாதிரிதான் இருக்கு, தாரிக் மட்டும் நெஞ்சு கேக்குது. ராத்திரிக் கூட்டத்தை விடப் போறதில்ல, நண்பர்களைப் பார்க்கறது அந்த ஒரு நேரம்தான், ஆனா அதை நடையா மாத்தலாமான்னு கேட்டேன். ஈசூன் குளத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு, அப்புறம் உக்காந்து தே ஓ கோசோங். ரெண்டு பேரு சரின்னாங்க, ஒருத்தன் எனக்கு முட்டிவலின்னு சொல்றான், அவன் கடைல உக்காந்து எங்களுக்கு இடம் பிடிச்சு வைப்பானாம். பரோட்டா சனிக்கிழமைக்கு மட்டும். மத்த நாள் பசியாற ரெண்டு தோசை, சாம்பார், கூட அவிச்ச முட்டை. மத்தியானம் காய் முதல்ல சோறு கடைசில, இது நேத்து செஞ்சேன், பக்கத்துல உக்காந்திருந்த சீன அங்கிள் என்னடா இவன் காயை மட்டும் தனியா தின்னுட்டு இருக்கான்னு ஒரு மாதிரி பார்த்தாரு.

அம்மாகிட்ட ஆச்சி சொன்ன மாதிரி கொள்ளு ரசம் கேட்டேன். உடனே எங்க பாட்டி கதை, பாட்டியோட தங்கச்சி கதை, அவங்க வீட்டுக் குதிரை கதை எல்லாம் வந்துச்சு, கொள்ளு இன்னும் வரல. சோறு மலைதான், ஆனா மலைக்குப் பக்கத்துல கீரை ஒரு குன்று வந்திருக்கு. ஏழு மணிக்குச் சாப்பிடுங்கன்னா கேக்க மாட்டேங்கிறாங்க, மோர் யோசனையை இன்னும் சொல்லிப் பார்க்கல.

டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் இங்கயே போடறேன். பேங்க் ஆப்ல பழக்கடை பேரு வந்தாச்சு, கொய்யாப்பழம், ஒரு பாக்கெட்.


சோறில்லா_சாமி எழுதுனது:

கொய்யாவுக்கு அந்த உப்பு சீனி கலந்த தூளைத் தொட்டுக்காதீங்க அண்ணே. ஆச்சி, கொள்ளு எங்க வாங்குறது? மாவுச்சத்து இருக்குதான், ஆனா புரதம் நார்ச்சத்து நிறையன்னு சொல்றாங்க, நானும் பார்க்கலாம்னு.


செங்காங்_ஆச்சி எழுதுனது:

சிராங்கூன் ரோட்டுல எந்த மளிகைக் கடைல கேட்டாலும் குடுப்பாங்க, முஸ்தஃபாவுலயும் பருப்பு வரிசைல இருக்கும். கல்லு பொறுக்கிட்டு வெறும் சட்டில வாசம் வர்ற வரைக்கும் வறுத்து ராத்திரியே ஊறப் போடுங்க, இல்லன்னா குக்கர் விசில் அடிச்சு அடிச்சு பக்கத்து வீட்டுக்காரங்க கதவைத் தட்டுவாங்க. ஊற வச்ச தண்ணியைக் கொட்டிட்டு புதுத் தண்ணில வேக வைங்க, வெந்த தண்ணியை மட்டும் கொட்டிடாதீங்க, ரசமே அதுலதான்.